பதிவேட்டைச் சுமந்து வந்தவர்களின் பிள்ளை

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து மக்கள் பெரியாஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகும் வீதி அதுதான். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை என்று ஊர்களை எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்ட இருவர் நகருக்கு வந்து சேரவில்லை. ஒருவர் இயேசு சபைக் குருவாகிய யூஜின் ஜோன் ஹெபேர் அடிகளார். மற்றவர் அவருக்குத் துணையாகச் சென்ற இளைஞர் பெர்ட்ராம் பிரான்சிஸ். அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை. ஏறிச் சென்ற ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை.

அடிகளாருக்கு அப்போது வயது 66. அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி மக்கள் இல்லாத துறவி அவர். ஆயினும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஒரு பெரிய குடும்பத்தின் தகப்பனாகவே அவரை நினைவுகூருகிறார்கள். நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் என்றால் யார்? பிள்ளைகளை அதட்டவும் அணைக்கவும் தெரிந்தவர். படித்த பிள்ளைக்கு ஒரு வழி, படிக்காத பிள்ளைக்கு ஒரு வழி என்று இருவருக்கும் வழி தேடுபவர். ஆபத்து வந்தால் எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று எண்ணிப் பார்ப்பவர். இந்த மூன்றையும் ஒரு ஆசிரியராக இருந்து செய்தவர் ஹெபேர் அடிகளார். அவர் எந்த மக்களிடமிருந்து வந்தார் என்பதை அறிந்தால், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நாம் அவரை இன்னும் நெருக்கமாக உணர்வோம்.

உப்பு நீரைத் தடுத்து வயல் செய்தவர்கள்

அடிகளார் 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அது நெல் விளையும் சமவெளி. வரம்பும் வாய்க்காலும் அவ்வூரார்க்குப் புதியவை அல்ல.

ஹெபேர் என்ற குடும்பப் பெயர் அக்கேடியர் எனப்படும் விவசாய மக்களிடையே மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. அக்கேடியர் 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டிலிருந்து கடல் கடந்து, இன்று கனடாவின் கிழக்குக் கரையாக உள்ள பகுதியில் குடியேறியவர்கள். அங்கே கடல் பெருக்கெடுத்து ஏறி வடியும் உவர் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மண் அணை கட்டினார்கள். அணையின் அடியில் மரத்தாலான மதகு வைத்து, அதற்குள் ஒரு பலகைக் கதவைத் தொங்கவிட்டார்கள். கடல் வற்றும்போது வயலில் நின்ற மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அந்த நீரே கதவை அடித்து மூடிவிடும். சில ஆண்டு மழையில் உப்புக் கழுவப்பட்டு, அந்த நிலம் நல்ல விளைநிலமாயிற்று. வாவியின் உவர் நீர் வயலுக்குள் ஏறினால் என்ன நடக்கும் என்று அறிந்த நம் விவசாயிகளுக்கு, அந்த உழைப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பிரான்சும் பிரித்தானியாவும் அந்த மண்ணுக்காகச் சண்டையிட்டன. அக்கேடியர் தம்மை இரு பக்கமும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 1755ஆம் ஆண்டு பிரித்தானிய அதிகாரிகள் அவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். வீடுகளும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் மண்ணை இழந்தார்கள். கப்பல்களில் ஏற்றும்போது பல குடும்பங்கள் பிரிந்துபோயின. நோயிலும் கடலிலும் மாண்டவர்கள் பலர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் பல நாடுகளில் அலைந்து 1760களில் லூசியானாவை அடைந்தார்கள். 1785இல் மேலும் 1,600 பேரளவில் ஏழு கப்பல்களில் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள்? காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் கிரான் பிரே என்ற ஊரின் மக்கள், தங்கள் புனித சார்ள்ஸ் ஆலயத்தின் பதிவேட்டைக் கைவிடாமல் எடுத்து வந்தார்கள். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் எப்போது இறந்தார் என்று எழுதிய ஏடு அது. ஆலயம் போயிற்று, ஊர் போயிற்று, ஏடு மட்டும் பிழைத்தது. இன்றும் அது லூசியானாவில், பேட்டன் ரூஜ் மறைமாவட்டத்தின் காப்பகத்தில் இருக்கிறது.

புதிய மண்ணிலும் அவர்களுக்குச் சோதனை தீரவில்லை. 1921இல் லூசியானா மாநிலம் பாடசாலைகளில் ஆங்கிலம் மட்டுமே கற்பித்தல் மொழி என்று விதித்தது. வீட்டு மொழியைப் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலம் அது. ஹெபேர் அடிகளார் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர்.

பந்தும் பட்டறையும்

1940களில் லூசியானாவை உள்ளடக்கிய நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் இலங்கையின் கிழக்கு மாகாணத்துக்குப் பணியாற்ற வந்தார்கள். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்த ஹரல்ட் வெபர் அடிகளார் 1947இல் வந்தார். நகரிலுள்ள வெபர் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்த ஆண்டு ஹெபேர் அடிகளார் வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் அவர் பயிற்றுவித்த கூடைப்பந்தாட்ட அணிகள் நாடெங்கும் பேர் பெற்றன.

விளையாட்டும் ஒரு கல்வியா என்று சிலர் கேட்கலாம். கூடைப்பந்துக்கு ஒரு சிறு தளமும் இரண்டு வளையங்களும் ஒரு பந்தும் போதும். களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்பவனால் அணி தோற்கும். தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பவனால் அணி வெல்லும். மீனவர் பிள்ளையும் உத்தியோகத்தர் பிள்ளையும், தமிழ்ப் பிள்ளையும் பறங்கியர் பிள்ளையும் ஒரே தளத்தில் ஓடும்போது, பந்து யாருடைய சாதியையும் கேட்பதில்லை. கொழும்புப் பாடசாலைகளுக்கு எதிரே நின்று ஆடி வென்று திரும்பும் பிள்ளை, பிறகு எந்த அலுவலகத்தின் வாசலிலும் தலை குனிந்து நிற்பதில்லை.

ஆனால் காலம் மாறியது. 1983இன் பின்னர் கிழக்கில் போர் வலுத்தது. பிள்ளைகள் பாதிப் படிப்பில் நின்றார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பெடியனுக்கு முன்னால் இருந்த கதவுகள் மிகச் சில; அவற்றுள் பல துப்பாக்கியை நோக்கித் திறந்தன. அக்காலத்தில் ஹெபேர் அடிகளார் மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் பணிப்பாளராக இருந்தார். வெற்றிக் கிண்ணங்கள் பெற்ற பயிற்றுநர், இப்போது பிள்ளைகளின் கையில் ஆயுதக் கருவி அல்ல, தொழிற்கருவி இருக்க வேண்டும் என்று உழைத்தார். தான் கற்பிக்க விரும்பியதைக் கற்பிப்பது ஒரு வகை. பிள்ளைக்கு எது தேவையோ அதைக் கற்பிப்பதற்குத் தன்னை மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நல்ல தகப்பன் செய்வான்.

அந்தக் கோடைகாலம்

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அந்த ஆண்டின் நாட்களை நம்மவர்கள் மறக்கவில்லை. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் மீண்டும் அதே கொடுமை, குழந்தைகளையும் விடாமல் நடந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள்; அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 184 பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கொடுந்தீயின் நடுவில்தான், வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த கன்னியர்களுக்கும் தஞ்சமடைந்த மக்களுக்கும் உதவுவதற்காக ஹெபேர் அடிகளார் போனார். அவர் பிறநாட்டவர். நாட்டை விட்டுப் போகும் வழி அவருக்கு இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் பத்திரமா என்று எண்ணிப் பார்க்கும் பெரியவருக்கு அந்த வழி கண்ணில் படுவதில்லை. ஆகஸ்ட் 15 அன்று நகருக்குத் திரும்பப் புறப்பட்டார். அதன்பின் அவரைக் குறித்து உறுதியான செய்தி எதுவும் வரவில்லை. எவரும் அதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவுமில்லை.

ஒன்றை இங்கே நாம் கவனிக்க வேண்டும். அடிகளாரின் பெயரை அறிந்த ஒரு சபை இருந்தது; அவர் பிறந்த நாடு இருந்தது; ஆண்டுதோறும் நினைவுகூர மாணவர் இருந்தார்கள். ஆகவே அவர் பெயர் நிலைத்தது. அதே வீதியில், அதே மாதங்களில் காணாமற்போன எத்தனையோ தகப்பன்மார், வாத்தியார்மார், வயற்காரர் ஆகியோரின் பெயர்கள் அவரவர் வீட்டார் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. அந்த மனைவிமாரும் ஒவ்வொருவராகக் காலமாகி வருகிறார்கள். தாயும் போனபின், தகப்பனின் பெயரையும் அவர் புறப்பட்ட நாளையும் சொல்ல யார் இருப்பார்?

ஏடு எங்கே?

மறுபடியும் அக்கேடிய மக்களிடம் வருவோம். 1990ஆம் ஆண்டு, ஆம், அதே 1990இல், லூசியானாவைச் சேர்ந்த வொரன் பெரின் என்ற சட்டத்தரணி பிரித்தானிய அரசுக்கு ஒரு மனுக் கொடுத்தார். தம் முன்னோரை வெளியேற்றியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கேட்டது. பணம் கேட்கவில்லை. 13 ஆண்டுகள் விடாமல் முயன்றார். 2003 டிசெம்பரில், எலிசபெத் மகாராணியின் பெயரால் கனடாவில் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. அக்கேடியருக்கு நேர்ந்த துன்பம் அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 28 நினைவு நாளாகவும் குறிக்கப்பட்டது. 1755க்கும் 2003க்கும் இடையில் 248 ஆண்டுகள்! எட்டு ஒன்பது தலைமுறைக்குப் பின்னரும் தாங்கள் இன்னார் பிள்ளைகள் என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு, கப்பலில் வந்த அந்த ஏடும் அதைப் போன்ற பதிவுகளும் துணை நின்றன.

அன்புக்குரியவர்களே, நாம் 248 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதி வையுங்கள் என்றே சொல்கிறேன்.

ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். வீட்டுப் பெரியவரின் முழுப்பெயர், பிறந்த ஊர், அவருடைய தகப்பன் தாய் பெயர், குடும்பம் எங்கிருந்து வந்தது என்பவற்றை எழுதுங்கள். காணாமற்போனவர் என்றால் திகதி, இடம், கண்டவர்கள், முறைப்பாடு செய்த இடங்கள், முறைப்பாட்டு இலக்கங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஆள் காணாமற்போனதைப் பதிவு செய்து சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு இது உதவும்.

அடுத்தது காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் உங்களுடையது என்றால், அதன் இலக்கத்தையும் எல்லைகளையும் குறித்து வையுங்கள். பெரியவர் உயிருடன் இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்து வைப்பது நல்லது. அது செய்யப்படாததால் எத்தனை உடன்பிறந்தார் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் விறாந்தையிலும் காணலாம்.

கொப்பியின் பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். மகள் மணமுடித்துப் போன ஊரில் வைக்கலாம். கோயிலில், பள்ளிவாசலில், ஆலயத்தில் ஒப்படைக்கலாம். போரில் ஒருமுறையும் 2004இன் கடற்கோளில் ஒருமுறையும் பத்திரங்களை இழந்த கரை இது.

கடைசியாகப் பிள்ளைகளின் படிப்பு. சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு பார்ப்போம், காணி கிடைத்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பிள்ளை புத்தகப் படிப்பில் முன்னேறினால் அந்த வழி; கைவேலையில் கெட்டிக்காரன் என்றால் அந்த வழி. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று எவரையும் ஒதுக்காதீர்கள். இடம்பெயர்ந்த மக்களிடையே பிறந்து, நம் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகத் தன்னைக் கொடுத்த ஆசிரியர் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

அவருக்குக் கல்லறை இல்லை. நம் வீடுகளிலும் பலருக்கு இல்லை. கொப்பியின் முதற்பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதுங்கள். உங்கள் பேரப்பிள்ளையை அதை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிழையாக வாசித்தால் திருத்துங்கள்.