விளையாட்டுக்குச் சம்பளமா? – கோல்ப் திடலும் கல்லூரி வீரரும்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரிடையே அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாடும் மாணவருக்கு இப்போது பணம் கொடுக்கின்றார்களாம். அவ்வாறு கொடுப்பது முறையா என்பதே அவ்வினா. அதனுடன் சேர்த்துப் பெற்றோர் கேட்கும் வினா வேறு: கோல்ப் போன்ற ஆட்டமொன்றைப் பிள்ளை பழகினால், அமெரிக்காவிலே இலவசமாகப் படிக்க வழி பிறக்குமா? இவ்விரண்டு வினாக்களும் ஒரே மரத்தின் கிளைகள் ஆதலால், அவற்றை ஒன்றாக எடுத்து விளக்க முற்படுகின்றோம்.

முதலிற் கோல்ப் ஆட்டத்தைப் பார்ப்போம். இந்நாட்டின் மிகப் பழைய கோல்ப் கழகம் 1898 ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனிலே தொடங்கப்பட்டது. மான்கள் உலாவும் டியூரஹேவன் வனத்திலே அதன் திடல் இன்றும் உண்டு. டென்மார்க் கோல்ப் ஒன்றியம் 1931 இல் உருவானது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நாட்டுக் கழகங்களில் அங்கத்தவராக உள்ளனர். இலங்கையிலே கொழும்பிலும் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரத் துரைமார் அமைத்த திடல்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்த தலைமுறை எம்முடையது. அங்கே எம்மவர் உள்ளே சென்றதெல்லாம் பெரும்பாலும் பிறருடைய மட்டைப் பையைச் சுமப்பதற்கே. அதனாற்றான் 'அது பணக்காரர் ஆட்டம்' என்ற எண்ணம் எம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. இங்கே நிலைமை முற்றிலும் அவ்வாறன்று. தச்சரும் தாதியரும் ஆசிரியரும் மாலைவேளையில் மட்டையெடுத்துச் செல்வதைக் காணலாம்.

இவ்வாட்டத்துக்கென ஒரு சிறப்பு உண்டு. அதனை 'ஹன்டிகப்' என்பர். வல்லுநன் எழுபத்திரண்டு அடிகளில் முடிக்கும் திடலை, புதிதாகப் பழகியவர் நூறு அடிகளுக்கு மேல் அடித்தே முடிப்பார். பழகுபவரின் திறனுக்கேற்ப அவருக்கு ஓர் எண் வழங்கப்படுகின்றது; ஆகக்கூடியது 54. அவர் எடுத்த அடிகளிலிருந்து அவ்வெண்ணுக்கேற்ற சலுகையைக் கழித்து, எஞ்சியதைக் கொண்டு வெற்றி தோல்வியைக் கணிப்பர். ஆகவே பேத்தியும் பேரனாரும், தொழிலாளியும் முதலாளியும் ஒரே போட்டியில் உண்மையாகவே போட்டியிடலாம். உதைபந்தாட்டத்தில் இது நடவாது. பொழுதுபோக்குக்காக ஆடுவோர் பெருந்தொகையினராக இவ்வாட்டத்திலே நிலைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம் என்பது எமது கருத்து.

பொழுதுபோக்குக்காக ஆடுவோரை 'அமெச்சூர்' என்பர். இலத்தீன் மொழியில் 'அன்பு செய்பவன்' என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து இது பிறந்தது. கேட்க இனிமையான சொல். ஆயின் அதன் வரலாறு அத்துணை இனிமையானதன்று. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியினர் 1879 இல் வகுத்த விதியின்படி, கைத்தொழில் செய்பவனும் கூலித் தொழிலாளியும் அமெச்சூர் ஆகார்! அவன் படகு வலித்துக் காசு பெற்றானா இல்லையா என்பது பொருட்டன்று. உடலுழைப்பால் வாழ்கின்றான் என்பதே போதுமான தடையாயிற்று. கோயில் வாசலிலே பிறப்பைக் கேட்டு நிறுத்திய எமது சமூகத்துக்கு இந்த விதியின் உட்பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. காசு விளையாட்டைக் கெடுக்கும் என்று முதலில் உரத்துச் சொன்னவர்கள், காசு ஏற்கெனவே உள்ளவர்களாயிருந்தார்கள்.

கோல்ப் ஆட்டமும் இதற்கு விலக்கன்று. பதினாறு வயதுக்குப் பின்னும் கூலிக்குப் பை சுமந்தவனை அமெச்சூராக ஏற்காத விதி ஒரு காலத்தில் அமெரிக்காவில் இருந்தது. பிரான்சிஸ் உய்மெற் என்பவர் சிறு வயதிலே பை சுமந்தவர். 1913 இல் அமெரிக்கப் பெரும் போட்டியில் இங்கிலாந்தின் இரு புகழ்பெற்ற தொழில்முறை வீரரை வென்று நாட்டையே வியக்க வைத்தார். பின்னர் அவர் விளையாட்டுப் பொருட் கடையொன்றில் ஈடுபட்டார். 'உன் பெயரால் வியாபாரம் நடக்கின்றது' என்று கூறி 1916 இல் அமெரிக்க கோல்ப் சங்கம் அவரது அமெச்சூர் தகுதியைப் பறித்தது. 1918 இல் மீண்டும் அளித்தது. தன் பெயரால் தான் வாழலாகாது என்ற இந்த வினோதமான விதியை மாணவர்கள் நினைவில் வைத்திருக்க. நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் இதுவே கரு.

எமக்கு அயலிலேயே நடந்த கதை இன்னும் கொடியது. 1912 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பழங்குடி இளைஞர் ஐந்து நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்து நிகழ்ச்சிப் போட்டியிலும் தங்கம் வென்றார். முன்னர் கோடை விடுமுறைகளிலே சிறு கூலிக்குப் பேஸ்போல் ஆடியிருந்தார் என்று கண்டு, மறு ஆண்டிலேயே பதக்கங்களைப் பறித்தார்கள். அக்காலத்தில் வசதியான கல்லூரி மாணவர் பலர் பொய்ப் பெயரில் ஆடிக் காசு பெற்றுவந்தனர். தோர்ப் தம் சொந்தப் பெயரில் ஆடினார்! அவர் 1953 இல் இறந்தார். பதக்கங்களின் பிரதிகள் 1983 இல் அவர்தம் பிள்ளைகளிடம் கையளிக்கப்பட்டன. அவரே தனி வெற்றியாளர் என்ற தீர்மானம் 2022 இலேதான் வந்தது.

டென்மார்க்கும் நெடுங்காலம் இக்கொள்கையைப் போற்றிய நாடே. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை 17 - 1 என வென்று, ஈற்றில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டெனிஷ் உதைபந்தாட்ட அணியில் ஹரால்ட் போர் ஆடினார். அவர் பின்னர் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியரானார். விஞ்ஞானி நீல்ஸ் போரின் தம்பி. படிப்பும் விளையாட்டும் இணைந்த அழகிய காட்சி அது. ஆயின் 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் முன்னணி வீரர் ஹரால்ட் நீல்சன், 1961 இல் இத்தாலியின் பொலோன்யா கழகத்திற் பணம் பெற்று ஆடச் சென்றதும், தாய்நாட்டு அணியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. அந்தத் தடை 1971 இலேதான் நீங்கியது. உள்நாட்டிற் சம்பளம் பெற்று ஆடுவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைல நகரின் அலன் சிமொன்சன் 1977 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தெரிவானபோது அவர் ஜேர்மனியக் கழகத்தின் வீரர். 1992 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியைப் பெற்றோர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. காசு வந்ததனால் டெனிஷ் உதைபந்தாட்டம் அழிந்துவிடவில்லை.

இனி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வருவோம். டென்மார்க்கிலே பல்கலைக்கழகம் படிப்புக்கு, கழகம் விளையாட்டுக்கு என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே பல்கலைக்கழகத்தின் அணியே பெரிய வணிகம். அமெரிக்க உதைபந்தாட்டமும் கூடைப்பந்தும் தொலைக்காட்சி உரிமையால் கோடிக்கணக்கான டொலர்களை ஈட்டுகின்றன. பயிற்றுநருக்குக் கொழுத்த சம்பளம். ஆடும் மாணவனுக்கோ படிப்புச் செலவும் உணவும் உறையுளும் மட்டுமே என்றிருந்தது. 1906 இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதற்கு மேல் ஒரு சதமும் பெறலாகாது என்று காவல் காத்தது. 'மாணவ வீரர்' என்னும் சொல்லே அச்சங்கம் 1950களில் வளர்த்தெடுத்ததுதான். அதன் பயன் என்னவென்றால், விளையாடும்போது காயமுற்றவர் 'நான் ஊழியன்' என்று கூறி நட்டஈடு கேட்க இயலாது. 1955 இல் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர்தம் மனைவி கேட்ட ஈட்டுத்தொகையைக் கொலராடோ மாநில உயர்நீதிமன்றம் 1957 இல் மறுத்தது. கல்லூரி உதைபந்தாட்ட வணிகம் நடத்தவில்லை என்பது கூறப்பட்ட நியாயம்!

இந்தக் கோட்டை இடிந்த வரலாறு சுருக்கமானது. எட் ஓ'பானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், விற்பனைக்கு வந்த கணினி விளையாட்டொன்றிலே தம் உருவத்தைக் கண்டு 2009 இல் வழக்குத் தொடர்ந்தார். 2014 இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2021 யூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும், கல்வி தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் விதித்த வரம்பு செல்லாது என ஒருமித்துத் தீர்த்தனர். அவ்வாண்டு யூலை முதலாம் திகதி தொடக்கம் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறலாயினர். 2025 யூன் மாதம் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி, பழைய வீரருக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் இழப்பீடு. அத்துடன் பல்கலைக்கழகங்களே நேரடியாக, முதலாண்டில் ஏறத்தாழ இரண்டு கோடி டொலர் வரை, மாணவ வீரருக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

கோல்ப் உலகமும் இசைந்து கொடுத்தது. 2022 சனவரி தொடக்கம் அமெச்சூர் ஆட்டக்காரர் விளம்பர ஒப்பந்தம் செய்யலாம். ஆயின் ஹன்டிகப் சலுகையற்ற போட்டிகளிற் பரிசாக 700 பவுணுக்கு மேற் பெறலாகாது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவி ரோஸ் சாங் அவ்வாண்டே பெரிய ஆடை நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமானார். உய்மெற் செய்த 'குற்றம்' இன்று குற்றமன்று.

கொடுப்பது முறையா என்ற வினாவுக்கு எமது விடை இதுதான்: காசு தீண்டினால் ஆட்டம் தீட்டுப்படும் என்பதை நாம் ஏற்கோம். பார்க்க வேண்டியது, ஆடுபவனின் உழைப்பால் வேறு எவரேனும் பொருள் ஈட்டுகின்றாரா என்பது. எமது பாடசாலையிலே ஆசிரியருக்குச் சம்பளமில்லை. விழாவில் ஆடும் பாடும் பிள்ளைகளுக்கும் இல்லை. எவரும் மனங்கோணுவதில்லை, ஏனெனில் எவரும் இதில் இலாபம் காண்பதுமில்லை. இதே பிள்ளைகளின் நடனத்தைத் தொலைக்காட்சிக்கு விற்று ஒருவர் மாளிகை கட்டினால் நாம் வாளாவிருப்போமா? யாழ்ப்பாணத்திலே 1904 முதல் ஆடப்படும் மத்திய கல்லூரி - பரியோவான் கல்லூரி துடுப்பாட்டப் பெருஞ்சமரில் எவரும் கூலி கேட்டதில்லை என்று பெரியோர் சிலர் பெருமை பேசுவர். உண்மை. அங்கே கூரையின் மேலேறிப் பார்த்தவனிடம் எவரும் தொலைக்காட்சிக் கட்டணம் வாங்கவுமில்லை!

மறுதரப்பிலும் பொருள் உண்டு. பணம் ஈட்டும் இரண்டு ஆட்டங்களே பகிர்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கோல்ப், நீச்சல், மற்போர் முதலியன ஈட்டுவதிலும் செலவழிப்பதே அதிகம். பங்கு கொடுக்கப் பணம் தேடும் பல்கலைக்கழகம் முதலில் எதனை வெட்டும் என்பதை ஊகிக்கலாம். சம்பளம் பெறுபவன் மாணவனா ஊழியனா என்பதும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இங்கே டென்மார்க்கின் ஏற்பாட்டைப் பிள்ளைகள் கவனித்தல் வேண்டும். இந்நாடு மாணவனுக்குப் பணம் கொடுக்கின்றது. ஆனால் விளையாடுவதற்காகவன்று, படிப்பதற்காக. பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது; வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிப்பவருக்கு மாதமொன்றுக்கு வரிக்கு முன் ஏறத்தாழ 7,000 குரோனர் எஸ்.யூ. கிடைக்கின்றது. பந்தை அடிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அதே தொகை. இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரின் கழகங்களுக்கு நகரசபை சட்டப்படி உதவுகின்றது. உயர்ந்த நிலை வீரருக்கென 1984 இல் 'ரீம் டென்மார்க்' சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அதன் ஆதரவு பெறும் மாணவர், மூன்றாண்டுக் கிம்னாசியக் கல்வியை நான்காண்டுகளாக நீட்டிப் படிக்கலாம். எமது ஊரில் 'விளையாட்டா, படிப்பா' என்று பிரம்போடு நின்ற ஆசிரியர்கள் நாம். இரண்டுக்கும் இடம்விட்டு ஓராண்டைக் கூட்டிக் கொடுக்கும் இம்முறை எமக்குப் பெரிதும் பிடித்திருக்கின்றது.

அமெரிக்க வழி வீண் என்று சொல்ல வரவில்லை. அர்கன்சா பல்கலைக்கழக அணிக்கு ஆடிய டெனிஷ் இளைஞர் ஜேக்கப் ஸ்கொவ் ஓலசன், 2024 இல் அயர்லாந்தின் பலிலிபின் திடலில் பிரித்தானிய அமெச்சூர் கிண்ணத்தை வென்ற முதல் டெனிஷ்காரரானார். ஆயின் பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. முதற்பிரிவுப் பல்கலைக்கழகமொன்றில் ஆண்கள் கோல்ப் அணி முழுவதற்கும் நான்கரை முழுப் புலமைப்பரிசில்களும், பெண்கள் அணிக்கு ஆறுமே நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டிருந்தன. அவற்றையே அணியினருக்குப் பிரித்துக் கொடுப்பர். ஆகவே 'புலமைப்பரிசில் கிடைத்தது' என்பதன் பொருள் பலருக்குக் கட்டணத்தின் ஒரு பங்கே. 2025 உடன்படிக்கையை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு நீங்கியது. ஆயின் அணிக்கு ஒன்பது பேர் என்ற புதிய வரம்பு வந்தது. மேலும், வெளிநாட்டு மாணவருக்கான விசாவிலே வேலை செய்யக் கடுங்கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கத் தோழன் பெறும் விளம்பரப் பணத்தை டென்மார்க்கிலிருந்து சென்ற பிள்ளை பெற முனைந்தால், விசாவுக்கே பங்கம் நேரலாம்.

இடைத்தரகர் எவரேனும் அழகிய படங்களுடன் வீட்டுக்கு வந்தால், தேநீர் கொடுத்து அமர்த்திச் சில கேள்விகளைக் கேளுங்கள். முழுக் கட்டணமா, பங்கா? ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? பிள்ளை காயமுற்றால் அந்த உதவி தொடருமா? மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு? பெற்ற பட்டத்தை இந்நாடு எவ்வாறு மதிப்பிடும்? வாய்மொழி போதாது, கடிதமாகப் பெறுக.

விளையாடும் ஆசை மட்டுமே உள்ள பிள்ளைக்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் 'கோல்ப் தினம்' என்று டென்மார்க் கழகங்கள் பல தம் திடலை எல்லோர்க்கும் திறந்துவிடுகின்றன. அன்று மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். அடிக்கும் முறையையும் கழகத்தின் தொண்டர்களே காட்டித் தருவார்கள். பெற்றோரும் கூடச் சென்று ஒரு பந்தை அடித்துப் பார்க்கலாம். பந்து அசையாமலே கிடந்தால் அயலில் நிற்கும் டெனிஷ்காரர் சிரிக்கமாட்டார். அவருக்கும் முதல்நாள் அப்படித்தான் இருந்திருக்கும்.