குளிக்கப் பயப்படுகிற சுவர்!

'நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ்' என்று எச்சில் ஊறவைக்கும் ஃப்ளாட் விளம்பரங்களின் மூலையில், 'ஜிப்சம் பிளாஸ்டரிங்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? நாம் பாட்டுக்கு நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்கி, இருபது வருஷ ஈ.எம்.ஐ-க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்த இருபது வருஷமும் நம்மோடு குடித்தனம் நடத்தப்போவது நீச்சல் குளம் அல்ல... சுவர்!

ஜிப்சம் ஒரு மென்மையான கனிமம். நகத்தால் கீறினாலே கோடு விழும். நம் நாட்டில் ராஜஸ்தானில்தான் எக்கச்சக்கமாக வெட்டுகிறார்கள். இதைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால், உள்ளே இருக்கிற தண்ணீரில் முக்கால்வாசி ஆவியாகி 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' ஆகிவிடும். ஆமாம் சார், கை ஒடிந்தால் போடுகிற அதே மாவுக்கட்டு சமாசாரம்தான்! மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினால் சீக்கிரமே இறுகிவிடும்.

பில்டர்களுக்கு இது செல்லப்பிள்ளை. சிமென்ட் பூச்சு என்றால் ஒரு வாரமாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். இதற்கு அந்த வேலையே இல்லை. சுவரும் வழவழ! தீப்பிடித்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல சரக்குதான், சந்தேகமில்லை.

வில்லன், தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். 'ப்பூ, இவ்வளவுதானா' என்கிறீர்களா? மாடிவீட்டு பாத்ரூம் பைப் வருஷக்கணக்கில் சொட்டினால் தெரியும் சேதி! 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி நண்பன் வீட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்திருந்த ரூம் ஊறி, பொதபொதவென்று தொங்கியது. "சாம்பார்ல போட்ட அப்பளம்டா!" என்றான் பாவம். பக்கத்திலேயே செங்கல் சுவர், கழுவிவிட்டதும் கம்மென்று நின்றது.

சரி, வேற என்னதான் போடறது?

எனக்கு ஆசை சுண்ணாம்பு மேல்தான். செட்டிநாட்டு வீடுகளில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். காரைக்குடிப் பக்கம் வயசான கொத்தனார் ஒருவரிடம் வாயைக் கிளறினேன்.

"சுண்ணாம்பை நீத்து, நாள் கணக்கா ஊறப்போட்டு அரைக்கணும் தம்பி. கடுக்காய்த் தண்ணி, வெல்லம் எல்லாம் சேரும். கடைசிப் பூச்சுக்கு சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு. அப்புறம் வழவழப்பான கல்லை வெச்சு தேய் தேய்னு தேய்க்கணும்!"

"முட்டையா... ஆம்லெட் வாசனை வராதுங்களா?"

"சித்திரை வெயில்ல வந்து சாஞ்சு உட்கார்ந்து பாருங்க, அப்புறம் பேசுங்க!"

சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, மெள்ள மெள்ள மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. ஓதம் ஏறினாலும் உள்ளேயே அடைத்துவைக்காமல் வெளியே விட்டுவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மட்டும் காரியம் கெட்டது. சிக்கல் என்னவென்றால்... நாளாகும், கூலியும் கூடும். ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் ஈ.எம்.ஐ என்று திண்டாடுகிறவனிடம் 'சுண்ணாம்பு ஊறட்டும் சார்' என்றால் அடிக்க வருவான். ஹால் சுவர் ஒன்றோடு ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி வெளிச்சுவர், பாத்ரூம், கிச்சன் எல்லாவற்றுக்கும் சிமென்ட் பூச்சுதான். (இதில் ஒரு தமாஷ்... சிமென்ட்டிலேயும் துளி ஜிப்சம் உண்டு! அது இல்லாவிட்டால் தண்ணீர் விட்டதும் சட்டென்று இறுகி, கொத்தனார் கரண்டியோடு மாட்டிக்கொள்வார்!)

பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்குக் கால்சியம் சிலிகேட் போர்டு கேளுங்கள். சுண்ணாம்பு, மணல்சத்து, நார் சேர்த்து, அழுத்தமான நீராவியில் வேகவைத்துச் செய்வது. விலையும் கனமும் கூடுதல்; ஆனால் ஈரத்துக்கு அசராது. 'ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததுதானே?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கான்ட்ராக்டர் பச்சை நிற ஜிப்சம் போர்டைக் காட்டி, "இது வாட்டர் ப்ரூஃப் சார்" என்பார். நம்பாதீர்கள். அது ஈரக்காற்றைத்தான் தாங்கும், ஒழுகலை அல்ல.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை எடுத்து ஓரத்தைச் சுரண்டுங்கள். காகிதம் உரிந்து வந்தால், அது ஜிப்சம். வேலையை அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். ஆணி அடித்த பிறகு கேட்டால், 'எக்ஸ்ட்ரா ஆகும் சார்' என்று தலையைச் சொறிவார்!