திவால் நடவடிக்கையில் சிக்கிய நிறுவனம்: ஊழியரின் சம்பளப் பாக்கி என்னவாகும்?

பெங்களூரு: ஒரு நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியதாகச் செய்தி வந்தாலே, அது மூடப்பட்டுவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். சட்டத்தின் பார்வையில் அவை இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். இந்த வேறுபாட்டை அறியாத ஊழியர்களே பெரும்பாலும் இழப்புக்கு உள்ளாகின்றனர்.

பெங்களூருவின் பைஜூஸ் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு ரூ.158.9 கோடி செலுத்தத் தவறிய வழக்கில், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 ஜூலை 16 அன்று அதன் தாய் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. பின்னர் வாரியத்துடன் ஏற்பட்ட சமரசத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால், உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் அதை ரத்து செய்தது. வழக்கு ஏற்கப்பட்ட பின் அது எல்லாக் கடன்தாரர்களுக்கும் பொதுவானதாகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இக்கட்டத்தில் நிறுவனம் தொடர்ந்து இயங்கும். நிர்வாகம் மட்டும் தீர்வு நிபுணரின் கைக்கு மாறும். நிறுவனத்துக்கு எதிராகப் புதிய வழக்குத் தொடர முடியாது. எனவே சம்பளப் பாக்கி உள்ளவர்கள், பொது அறிவிப்பில் குறிப்பிடப்படும் கெடுவுக்குள் 'டி' படிவத்தில் தங்கள் கோரிக்கையை நிபுணரிடம் பதிவு செய்ய வேண்டும்.

கடன் கொடுத்தோர் குழுவில் 66 சதவீத வாக்குகளுடன் மீட்புத் திட்டம் எதுவும் நிறைவேறாவிட்டால் கலைப்பு. அப்போது சொத்துகளை விற்று வரும் பணம் ஒரு வரிசைப்படி பிரியும். முதலில் நடைமுறைச் செலவுகள். அடுத்து, தொழிலாளரின் 24 மாத நிலுவையும், அடமான உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சம நிலையில் வரும். அதற்குப் பின்னரே மற்ற ஊழியர்களின் சம்பளம், அதுவும் 12 மாதங்களுக்கு மட்டும். சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வராத மேலாளர்கள் இந்த மூன்றாம் வரிசையில்தான் நிற்க வேண்டும். அலுவலகப் பணியாளர் நிறைந்த பெங்களூருவில் இது சிறிய வேறுபாடு அல்ல. அரசு வரி, பொருள் வழங்கிய சிறு வணிகரின் பாக்கி ஆகியவை அதற்கும் கீழே உள்ளன. பங்குதாரர் கடைசி.

முன்பு இந்த அளவுக்குத் தெளிவும் இருந்ததில்லை. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தின. அந்நிறுவனத்தைக் கலைக்கும் உத்தரவு கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது 2016 நவம்பரில்தான். பல மாதச் சம்பளம் நிலுவையில் இருந்த ஊழியர்கள் அந்த நான்கு ஆண்டுகளும் காத்திருந்தனர். புதிய திவால் சட்டமும் 2016இல்தான் இயற்றப்பட்டது.

பொருளாதாரம் சரியும்போது அரசு இந்தக் கதவையே சாத்திவிடவும் கூடும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் ஏற்பட்ட கடன் தவறுகளுக்காகத் திவால் வழக்குத் தொடரத் தடை விதிக்கப்பட்டது. வழக்குக்கான குறைந்தபட்சத் தொகையும் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.1 கோடியாக உயர்த்தப்பட்டது. நிறுவனங்களுக்கு அது மூச்சுவிட அவகாசம். தனி ஊழியருக்கோ தீர்ப்பாயத்தின் வாசல் எட்டாத உயரத்துக்குப் போனது.

வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை மட்டும் இந்த வரிசையில் சேர்வதில்லை. அவை நிறுவனத்தின் சொத்தாகக் கருதப்படுவதில்லை. கடன்தாரர் எவரும் அவற்றில் பங்கு கோர முடியாது.