கையின் அளவும் வில்லின் அளவும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வில் புதிய பொருளல்ல. காமன் கையிலும் வில், அருச்சுனன் கையிலும் வில். கூத்துக்குச் செய்யும் வில் பார்வைக்கு அழகாக இருந்தால் போதும். அதை யாரும் முழுதாக இழுத்து அம்பு விடப்போவதில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வரும் லயத்துப் பிள்ளைகள் தாங்களும் ஒரு வில் செய்வார்கள், உண்மையாகவே இழுப்பார்கள். அது படக்கென்று முறியும். மரம் சரியில்லை என்று முடிவுகட்டி வேறு கம்பு தேடப் போவார்கள். பெரும்பாலான நேரம் குற்றம் மரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த அளவைச் சேர்ந்து பார்த்துவிடுவோம்.

வில் இந்த மலைகளுக்கு நேற்று வந்ததல்ல. சபரகமுவவை அடுத்த களுத்துறை மாவட்டத்தில், புலத்சிங்களவுக்கு அருகே ஃபாஹியன் குகை இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தவர்கள், அவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என்று 2020இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு இருந்ததற்கு இவ்வளவு பழைய சான்று அதுவரை வேறெங்கும் காட்டப்படவில்லை. குருவிட்டவுக்கு அருகேயுள்ள பட்டதொம்பலென குகையிலும் எலும்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் வேடர்கள் இரும்பு முனைக்கு மாறினார்கள். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டுக் கிடந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லனும் அந்த இலையைப் பார்த்தே அடித்துக் கொடுப்பானாம்.

முனைக்கு அளவு இலையில் வந்தது. வில்லுக்கு அளவு எங்கிருந்து வந்தது? வேடர்களின் மர வில் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் இருக்கும். அது ஏன் ஆள் உயரம் என்று யோசித்தால் நமக்கு வேண்டிய கணக்கு முழுவதும் கிடைத்துவிடும்.

முதலில் இழுப்பு நீளம். இடது கையால் வில்லை நீட்டிப் பிடித்து, வலது கையால் நாணை முகத்தருகே வரும்வரை இழுக்கிறோம். அப்போது வில்லின் பிடிக்கும் நாணில் அம்பு பொருந்தியிருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் இழுப்பு நீளம். இதைத் தீர்மானிப்பது வில்லல்ல, நம் உடம்பு. சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் கிட்டத்தட்ட வந்துவிடும். 65 அங்குலம் கை விரிப்பவருக்கு 26 அங்குலம், 50 அங்குலம் விரிக்கும் பிள்ளைக்கு 20 அங்குலம். அம்பை இதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முழு இழுப்பில் முனை பிடிக்குள் வந்து கையைக் கிழித்துவிடும்.

இனி மரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். வில்லில் நம்மைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும், குறியைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும் வைத்துக்கொள்வோம். இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. மரம் இரண்டையும் கொஞ்சம்தான் தாங்கும். முதுகு தாங்காவிட்டால் வில் முறியும். வயிறு தாங்காவிட்டால் முறியாது, ஆனால் நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தபடியே நிற்கும். அப்படிக் கூனிப்போன வில் அம்பைச் சோம்பலாகத்தான் தள்ளும்.

எல்லோருக்கும் வரும் தப்பெண்ணம் இங்கேதான் இருக்கிறது. வில் இழுக்கக் கடினமாக இருக்கிறது, பிள்ளையால் முடியவில்லை. உடனே என்ன செய்கிறோம்? இரண்டு நுனியிலும் கொஞ்சம் வெட்டிவிட்டால் இலேசாகும் என்கிறோம். சின்னக் கைக்குச் சின்ன வில், சின்ன வில்லுக்குக் குறைந்த பலம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. நடப்பதோ நேர்மாறு.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவுங்கள். இரு நுனியையும் பிடித்து வளையுங்கள், எளிதாக வளையும். அதையே பாதியாக ஒடித்து ஒரு துண்டை வளையுங்கள். முரண்டு பிடிக்கும், இன்னும் அழுத்தினால் முறியும். ஈர்க்கின் தடிப்பு மாறவில்லை, நீளம் மட்டும்தான் குறைந்தது. கோயில் சப்பறத்தைப் பதினாறு பேர் தோளில் ஏற்றினால் சுமை எல்லோருக்கும் பிரிகிறது. எட்டுப் பேர் விலகிப் போனால் சப்பறத்தின் எடை குறையாது, மிஞ்சியவர் தோளில் இரட்டிப்பாகும். வில்லின் ஒவ்வோர் அங்குலமும் அப்படி ஒரு தோள்தான். 26 அங்குல இழுப்பு என்ற சுமை மாறாமல் இருக்க, தோள்களைக் குறைத்தால் மிஞ்சிய ஒவ்வோர் அங்குலமும் கூடுதலாக வளைந்தாக வேண்டும்.

இதற்கு எண்ணும் உண்டு. தடிப்பை மாற்றாமல் வில்லின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால், அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. 60 அங்குல வில்லை 54 ஆக்கியவர் பிள்ளைக்கு உதவவில்லை. முன்னதைவிடக் கடினமானதும் முன்னதைவிடச் சீக்கிரம் முறியக்கூடியதுமான ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். செய்ய வேண்டியது வேறு. நீளத்தில் கை வைக்காமல் வயிற்றுப் பக்கத்தைச் சீவித் தடிப்பைக் குறைக்க வேண்டும். தடிப்பில் பத்தில் ஒரு பங்கு போனால் இழுப்புப் பலம் கால் பங்குக்கு மேல் குறையும். மெல்லிய பட்டை முறியாமல் அதிகம் வளையவும் செய்யும்.

நீளத்துக்கு விதி எளிது. வளையும் பகுதி இழுப்பு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு காப்புக்காகச் சேர்க்க வேண்டும். பிடி தடித்து வளையாமல் இருந்தால், அதன் எட்டு அங்குலத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அந்த இடம் வேலை செய்வதில்லை. 26 அங்குல இழுப்புக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மடங்கு 52, காப்பு 5, பிடி 8. மொத்தம் 65. கை விரிப்பு எவ்வளவோ அவ்வளவு! மனிதரின் கை விரிப்பு ஏறத்தாழ அவர் உயரமே என்பதால், வில் ஆள் உயரத்துக்கு வந்து நிற்கிறது. பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். 20 அங்குல இழுப்புக்கு 40, 4, 8 சேர்த்து 52, பிடியும் சேர்ந்து வளையும் வில்லானால் 44.

அதிகப் பலமுள்ள வில்லுக்கு இதைவிடவும் நீளம் வேண்டும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து மீட்ட வில்கள் ஆறடிக்கு மேல் நீளமானவை. அப்படியானால் நாலடித் துருக்கி வில்லை எப்படிக் காதுவரை இழுத்தார்கள்? அது தனி மரமல்ல. முதுகில் விலங்கின் தசைநாரும் வயிற்றில் கொம்பும் ஒட்டியது. தசைநார் மரத்தைவிட மிக அதிகம் நீளும், கொம்பு அதிகம் நசுங்கும். காலண்டர் படத்தில் இராமர் பிடித்திருக்கும் குட்டையான வளைந்த வில்லைப் பார்த்துத் தனி மரத்தில் செய்யப் போனால் மரம் வீணாகும்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரத்தினபுரியில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரம் ஏறிய மரம் சீக்கிரம் நசுங்கிக் கூனும். ஆகவே பட்டையைக் கரடாகச் சீவி, அடுப்புக்கு மேலே பரணில் சில மாதம் கிடத்துங்கள். காய்ந்த பிறகும் நம் காற்றின் ஈரத்தை அது கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் விதி சொல்வதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக வைப்பது நல்லது. கமுகிலும் கித்துலிலும் உறுதியான நார் வெளிப்புறத்தில்தான் நெருங்கியிருக்கிறது, உள்ளே சோறு. மூங்கிலிலும் தோலை ஒட்டிய பகுதிதான் வலு. எனவே இந்த மூன்றிலும் வெளிப்புறம் முதுகாக வரட்டும், அதில் கத்தி படக்கூடாது. சீவுவதெல்லாம் வயிற்றில்தான்.

சீவும்போது அவசரம் வேண்டாம். முதல் நாளே முழு அளவுக்கு இழுத்துப் பார்க்கும் ஆசைதான் பல வில்களை முறித்திருக்கிறது. முதலில் பத்து அங்குலம் இழுங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று தள்ளி நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் சீவுங்கள். ஏற்கெனவே அதிகம் வளையும் இடத்தைத் தொடாதீர்கள். சரியானபின் பன்னிரண்டு, பிறகு பதினான்கு என்று ஏற்றிக்கொண்டே போய், உங்கள் இழுப்பு நீளம் வந்ததும் நிறுத்துங்கள்.

செய்து முடித்ததும் வயிற்றுப் பக்கத்தில், பிடிக்குக் கீழே, அந்த எண்ணை அங்குலத்தில் எழுதி வையுங்கள். 20 என்று எழுதிய வில்லை அப்பாவோ மாமாவோ வாங்கித் தம் கை நீளத்துக்கு இழுக்க விடாதீர்கள். அம்பு பூட்டாத நாணை இழுத்து விடவும் கூடாது, அந்த அதிர்ச்சியே வில்லைப் பிளந்துவிடும். ஆளோ ஆடுமாடோ நடமாடும் திசையில் ஒருபோதும் அம்பு தொடுக்காதீர்கள்.