காவிரி நாட்டில் காரைப் பேணும் முறை

வேளாங்கண்ணிக்கு மாட்டு வண்டி கட்டிச் சென்ற முதியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் உள்ளனர். புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்த வேலைகளைக் கேட்டால் அவர்கள் ஒன்று விடாமல் சொல்வார்கள். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுப்பார்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சில் தடவுவார்கள். மாட்டின் லாடத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். நுகத்தடிக் கயிற்றை இழுத்துச் சோதிப்பார்கள். இத்தனையும் முடிந்த பின்னரே கட்டுச்சோற்று மூட்டை வண்டியில் ஏறும்.

அந்த வண்டி நின்ற கொட்டகையில் இன்று கார் நிற்கிறது. புதுக் கார் வாங்கியதும் பங்குத் தந்தையிடம் கொண்டுசென்று மந்திரித்துக்கொள்கிறோம். முகப்பில் மாதா சுரூபத்தையோ புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தையோ வைக்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால் அன்றோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். பாட்டனார் அச்சுக்கு மை போட்ட கவனத்தில் கால் பங்கேனும் நாம் காரின்மீது செலுத்துகிறோமா?

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத இரவொன்றில், நாகப்பட்டினத்தில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருவாரூரைத் தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. வைப்பரை இயக்கினேன். கோடை வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்த அதன் இரப்பர், நீரைத் துடைக்காமல் கண்ணாடி முழுவதும் மெழுகியது. எதிரே வந்த பேருந்தின் விளக்கொளியில் சாலையே மறைந்துவிட்டது. குத்துமதிப்பாக ஓரம் ஒதுக்கி நிறுத்தினேன். மழை தணிந்ததும் இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கச் சக்கரத்துக்கும் கரை புரண்டு ஓடிய வாய்க்காலுக்கும் நடுவே இரண்டு முழ நிலமே இருந்தது. பின் இருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சில நூறு ரூபாய் பெறும் இரப்பரை மாற்றாமல் விட்ட என் சோம்பலை அன்றுபோல் என்றும் நான் நொந்துகொண்டதில்லை.

கார் வாங்கும்போது ஒரு கையேடு தருகிறார்கள். எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எதை மாற்ற வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதைத் தவறாமல் பின்பற்ற வேண்டும். ஆனால் அக்கையேடு நாடு முழுமைக்கும் பொதுவானது. நம் காவிரி நாட்டிலோ வெயில், வெள்ளம், உப்பு, வைக்கோல் ஆகிய நான்கும் ஆண்டுதோறும் முறை வைத்து வந்து வண்டியைச் சோதிக்கின்றன. நாற்று விடுவதற்கும் நடவுக்கும் பருவம் பார்ப்பதுபோல், காரைப் பேணுவதற்கும் பருவம் பார்ப்பதே நமக்கு ஏற்ற முறை.

கோடையில்

பங்குனியிலிருந்து வைகாசி வரை வெயிலே முதற்பகை. வெயிற் காலத்தில் டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் வெடிக்காது என்ற தவறான எண்ணம் பலரிடம் உள்ளது. உண்மை இதற்கு நேர்மாறானது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நசுங்கி நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூடு மிகுந்தால் வெடிக்கிறது. ஓட்டுநர் கதவின் ஓரச் சட்டத்திலோ கையேட்டிலோ குறித்துள்ள அளவுக்கே காற்றை நிரப்ப வேண்டும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலை வேளையில் அளப்பது நன்று. மாற்றுச் சக்கரமாகிய ஸ்டெப்னிக்கும் காற்று வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ரேடியேட்டர். சாலையோர வாய்க்காலில் நீர் மொண்டு ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. வாய்க்கால் நீரிலுள்ள வண்டலும் உப்பும் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். உற்பத்தியாளர் குறித்த கூலண்டையே பயன்படுத்த வேண்டும். அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். பெரும்பாலான கூலண்டுகள் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. எனவே குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

பாட்டரியின் ஆயுளையும் வெப்பமே குறைக்கிறது. நீர் ஊற்றும் வகைப் பாட்டரியாக இருந்தால் வடிநீரை மட்டுமே ஊற்ற வேண்டும். முனைகளில் வெண்மையாகப் பூத்திருக்கும் படிவை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும்.

ஆற்றில் நீர் வரும்போது

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. நீர் நம் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் பிரேக்கைச் சோதித்துவிடுங்கள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாயாகிய புது ஆறு என்று எங்கு நோக்கினும் நம் சாலைகள் நீரின் கரையிலேயே செல்கின்றன. பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் செய்யவேண்டிய வேலை நான்கு மடங்காகும்.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ஈரம் கலந்த எண்ணெய், பிரேக்கை அடிக்கடி அழுத்திச் சூடேறும்போது குமிழியிடும். மிதி தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது முறை. அதன் அளவு குறைந்துகொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு அமைதி கொள்ளாமல், காரணத்தைக் காண வேண்டும்.

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவை முன்னிட்டு இரவும் பகலும் மக்கள் சாலையோரமாக நடந்து செல்வதை நாம் அறிவோம். உங்கள் காரின் முகவிளக்கும் பிரேக்கும் அவர்களுடைய உயிருக்கும் பொறுப்பாகின்றன. ஐவருக்கான காரில் எட்டுப் பேரை அடைப்பதும் அக்காலத்தில் காணும் காட்சியே. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது காருக்கும் பொருந்தும். பாரம் மிகுந்தால் டயர் சூடேறும். வண்டி நிற்கும் தூரமும் நீளும்.

மழையிலும் வெள்ளத்திலும்

ஐப்பசி பிறப்பதற்குள் வைப்பர் இரப்பரை மாற்றிவிடுங்கள். டயரின் பள்ளங்களையும் பாருங்கள். சாலை நீரை வெளியே தள்ளுவன அப்பள்ளங்களே. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் சட்டப்படியே ஓடத் தகுதியற்றது. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும்.

சாலையில் வெள்ளம் ஓடும்போது ஆழம் தெரியாமல் வண்டியை இறக்காதீர்கள். வண்டி நீரில் நின்றுவிட்டால், செய்யக் கூடாத செயல் ஒன்று உண்டு: மீண்டும் எஞ்சினை இயக்க முயல்வது. காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க இயலாது. காற்று செல்லும் வழியில் நீர் புகுந்திருந்தால், மேலெழும் பிஸ்டன் அதில் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நீரைக் கண்டு நிறுத்திய வண்டி சிறு செலவோடு பிழைக்கலாம். சாவியைத் திருப்பியவர் எஞ்சினையே இழக்கக்கூடும். நீரைக் கடந்து வந்த பின், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி ஈரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் கடற்கரையைத் தாக்கியபோது இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் மரத்தடியிலிருந்து வண்டியை அகற்றுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் காப்பீடு மற்றவருக்கு நேரும் இழப்பையே ஈடுசெய்யும். உங்கள் கார்மீது மரம் விழுந்தால் அதில் ஒரு காசும் கிடைக்காது. முழுமைக் காப்பீடு எடுத்தவர்களும், நீர் புகுந்து எஞ்சின் கெட்டால் இழப்பீடு உண்டா என்பதைப் பத்திரத்தில் படித்துப் பார்ப்பது நலம்.

கடலோரம் சென்று வந்தால்

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பகுதிகளின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். ஊர் திரும்பியதும் காரின் மேற்புறத்தை மட்டுமன்றி அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல நீரால் கழுவுங்கள். கடலோர ஊர்களின் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அந்நீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பு சேரும். துருவைத் தடுப்பதற்காகக் கழிவு எண்ணெயை அடியில் பூசும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும். அது இரப்பர்ப் பகுதிகளை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

தை அறுவடையில்

சம்பா அறுவடையின்போது நெல்லும் வைக்கோலும் சாலைக்கு வந்துவிடுகின்றன. சாலையில் பரப்பிய நெல்மீது திடீரெனப் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வைக்கோலின் ஆபத்து அதனினும் பெரிது. அது சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும். சூடான புகைக்குழாயில் ஒட்டித் தீப்பற்றும். புகையைத் தூய்மைப்படுத்த இன்றைய கார்களில் பொருத்தியுள்ள கலம் 400 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறக்கூடியது. ஆகவே வைக்கோல்மீது வண்டியை நிறுத்தவே கூடாது. கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, அடிப்புறத்தைப் பாருங்கள்.

அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் இடம் தேடி வரும். நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, வீட்டில் வாரக்கணக்காக நிற்கும் கார் அவற்றுக்கு வாய்ப்பான கூடு. எலி கடித்த ஒரு மின்கம்பியால் வண்டி முழுவதும் முடங்கும். வைக்கோற் போரின் அருகே காரை நிறுத்தாதீர்கள். தின்பண்டத் துணுக்குகளை உள்ளே விடாதீர்கள். சில நாட்களுக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து பாருங்கள். ஓடாத காரின் பாட்டரியும் சோர்ந்துபோகும். வாரம் ஒருமுறையேனும் அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

எண்ணெயும் நம் ஆறும்

பழைய அம்பாசடருக்கு எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் முன்னதாக வருவதே கணக்கு. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் செல்லும் கார் குறைவாக ஓடியிருக்கிறதே என்று எண்ண வேண்டாம். சிறு தூரம் ஓடும் எஞ்சின் நன்கு சூடாவதில்லை. ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டு முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

மாற்றிய பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டுவது பெரும் பிழை. அது நம் அண்டை வீட்டார் வயலுக்குப் பாயும் நீர். மாடு குடிக்கும் நீர். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வாரத்தில் பத்து நிமிடம்

இவற்றையெல்லாம் நினைவில் வைப்பது கடினம் என்று தோன்றலாம். சனிக்கிழமை மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நான்கு டயர்கள், எஞ்சின் எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய், விளக்குகள், வைப்பர் ஆகிய ஆறையும் பாருங்கள். பார்த்ததை ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்பணியை இளையவரிடம் கொடுங்கள்.

என் வீட்டில் இப்போது அவ்வேலையைச் செய்பவள் அன்றிரவு பின் இருக்கையில் உறங்கிய என் மகள். அந்த இரண்டு முழ நிலத்தைப் பற்றி அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஐப்பசி பிறக்கும் முன்பே, "அப்பா, வைப்பர் இரப்பர் மாற்றியாயிற்றா?" என்று ஆண்டுதோறும் கேட்டுவிடுகிறாள்.