நீந்தியாச்சு, மிதிச்சாச்சு... என் கால் எங்கே?

திங்கட்கிழமை காலை. எங்கள் வீடு இரண்டாவது மாடியில். ஆபீஸ் கிளம்பி முதல் படியில் காலை வைத்தவன், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தொடை 'என்னால முடியாது' என்று சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோல பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கீழ்வீட்டுப் பாட்டி கோலமாவுக் கிண்ணத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"டிரையத்லான் பாட்டி."

"அய்யய்யோ, புதுக் காய்ச்சலா? சிக்குன்குனியா மாதிரி மூட்டெல்லாம் பிடிச்சுக்குமோ?"

பாட்டி சொன்னதில் பெரிய தப்பில்லை. முந்தின நாள் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் டிரையத்லான். நான் செய்தது 'ஸ்பிரின்ட்' என்கிற சின்ன வகை. ஒலிம்பிக்கில் இதைப்போல இரண்டு மடங்கு. 'அயர்ன்மேன்' என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான். அதெல்லாம் எனக்கு இல்லை. 46 வயது, நாற்காலியைவிட்டு எழாத வேலை, 'சர்க்கரை பார்டர்ல நிக்குது, நடங்க' என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்த கதை இது. நடை ஓட்டமாகி, ஓட்டத்தில் கிடைத்த நண்பர்கள் சைக்கிள் வாங்க வைத்து, கடைசியில் நீச்சல்குளத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

மூன்றையும் தனித்தனியாக நன்றாகவே பழகியிருந்தேன். தப்பு அங்கேதான். இந்தப் போட்டியில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் தூரம் அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்.

ஹெல்மெட் போடாதவன்

குளத்தில் பதினைந்து நீளம் முடித்து, ஏணியைப் பிடித்து எழுந்தேன். தலை கிர்ரென்று சுற்றியது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். அதுவரை உடம்பு கிடைமட்டமாகக் கிடந்தது, வேலை முழுக்கக் கைக்கும் தோளுக்கும். திடீரென்று நிமிர்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். கடைசி 50 மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக உதைத்து, 'அடுத்து உன் முறை' என்று சொல்லிவைக்க வேண்டும். எழுந்த உடனே பாயாமல் நாலு எட்டு நடக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது.

உடைமாற்றி சைக்கிள் எடுக்கும் இடத்துக்குப் பெயர் 'டிரான்சிஷன்'. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவது டி1, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி2. டிரையத்லான்காரர்கள் இதை 'நாலாவது போட்டி' என்பார்கள். காரணம், இங்கே கடிகாரம் நிற்காது. நீங்கள் சாக்ஸ் மாட்டும் நேரமும் கணக்கில் சேரும்.

ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது என்பதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். அதோடு மல்லுக்கட்டிய கோபத்தில் சைக்கிளை உருவிக்கொண்டு ஓட, ஒரு தன்னார்வலர் குறுக்கே கைநீட்டினார். "சார், ஹெல்மெட்!" சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. திரும்பிப்போய், மாட்டி, பூட்டி... மொத்தம் ஆறு நிமிடம். எனக்குப் பக்கத்து இடத்துக் கல்லூரிப் பையன் இரண்டு நிமிடத்துக்குள் போயே போய்விட்டான்.

ஜெல்லி கால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் நன்றாகத்தான் போனது. எதிர்காற்று இல்லை. நாலைந்து பேரை முந்தவும் செய்தேன். அந்தத் தெம்பில் கடைசிக் கிலோமீட்டரில் கனமான கியரைப் போட்டு மிதித்துத் தள்ளினேன்.

இறங்கினேன். ஷூ மாற்றினேன். ஓட ஆரம்பித்தேன். கால் இல்லை!

கால் இருந்தது. ஆனால், என்னுடையது இல்லை. முழங்காலுக்குக் கீழே யாரோ இரண்டு இட்லிமாவு மூட்டைகளைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்க, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் எங்கேயோ பேனரோடு காத்திருக்கிறாள் என்ற நினைப்புதான் வலியைவிடப் பெரிதாகச் சுட்டது.

ஏன் இப்படி? சைக்கிளில் உட்காரும்போது உடல் எடையில் பெரும்பகுதியை சீட்டும் ஹேண்டில்பாரும் தாங்குகின்றன. இடுப்பு மடங்கிய நிலையில் கால் வட்டமாகச் சுற்றுகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் மொத்த எடையும் ஒற்றைக் காலில் இறங்கும். தசை நீளும்போதே தாங்கிப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே தாளத்தில் வேலை செய்த தசைக்கு, சட்டென்று வேறு தாளம் பிடிபடுவதில்லை.

அப்போது என்னைக் கடந்துபோன ஒரு பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நிற்காமலே சொன்னார். "எழுந்திருங்க தம்பி. ஓடாதீங்க, சின்னச் சின்னதா அடி வைங்க. பத்து நிமிஷத்துல கால் திரும்பி வந்துடும்."

எழுந்தேன். நடந்தேன். குட்டி குட்டியாக அடி வைத்தேன். இரண்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் நிஜமாகவே கால் திரும்பி வந்தது! முடித்தவர்களில் நான் கடைசியிலிருந்து ஐந்தாவது.

கால் ஏமாற்றுவது நம்மை மட்டுமல்ல. 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கியது 15 பேர், முடித்தது 12 பேர். 1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி அதே போட்டியில் முன்னணியில் வந்து, எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் கால் மடங்கி விழுந்தார். இன்னொரு பெண் அவரைக் கடந்து ஜெயித்துவிட, ஜூலி தவழ்ந்தே போய் இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியை டி.வி-யில் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் ஏராளம்.

மாத்திரை செய்த வேலை

மறுபடி அந்தப் படிக்கட்டுக்கு வருவோம். 'லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு' என்று ஜிம்மில் சொல்வார்கள். அது தவறு. அது ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். மறுநாள் வரும் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத வேலையால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் நடவடிக்கையும்தான். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். படி ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம் வலிப்பதும் இதனால்தான். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது.

அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்தார். "தேர் இழுத்தவன்கூட இப்படி நடக்கமாட்டான்டா!" இதமாகத் தேய்த்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும். ஐஸ் தண்ணீரும் தற்காலிகமாக உதவும். ஆனால் நிஜமான மருந்து தூக்கம், வயிறார சாப்பாடு (முட்டை, சுண்டல், பால் எதுவானாலும் புரதம் சேரட்டும்), மெதுவான நடை. படுத்தே கிடந்தால் இன்னும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். போட்டியன்று காலையில், நண்பர் ஒருவர் சொன்னாரே என்று இரண்டு வலிமாத்திரைகளை முன்னெச்சரிக்கையாகப் போட்டிருந்தேன். பிறகு டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வெயில்ல வேர்த்துக் கொட்டி, உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கிற நேரத்துல அந்த மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும். இனிமே செய்யாதீங்க." சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். சர்க்கரை, பி.பி இருப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பார்க்கிங்கில் பயிற்சி

அடுத்த போட்டிக்கு நான் தூரத்தைக் கூட்டவில்லை. ஞாயிறுதோறும் 'பிரிக்' பயிற்சி. அதாவது, அரை மணி நேரம் சைக்கிள், இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓட்டம். பிரிக் என்றால் செங்கல். பெயர்க்காரணத்துக்குப் பல கதைகள் உண்டு; இறங்கி ஓடிப் பார்த்தால் எந்தக் கதையும் தேவைப்படாது. கடைசிக் கிலோமீட்டரில் லேசான கியருக்கு மாறி, காலை வேகமாகச் சுற்றப் பழகினேன். ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரில் அந்தப் பெரியவரின் குட்டி அடி. ஐந்தாறு வாரத்தில் ஜெல்லி கால் பத்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகச் சுருங்கியது.

டிரான்சிஷன் பயிற்சி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில். ஒரு துண்டை விரித்து, எது முதலில் வேண்டுமோ அது மேலே: ஹெல்மெட், கண்ணாடி, பவுடர் கொட்டிய சாக்ஸ், முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் ஷூ. மகள் கையில் ஸ்டாப்வாட்ச். வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றிவிட்டுத்தான் 'ஸ்டார்ட்' சொல்வாள். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார். "அப்பா, ஹெல்மெட்டு!" என்ற கத்தல் எங்கள் பிளாக் முழுக்கப் பிரபலம்.

இரண்டாவது போட்டியில் டி1 மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. ஓட்டத்தில் ஒருமுறைகூட உட்காரவில்லை. மாத்திரையும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால், முன்பக்கமாக. பாட்டி கோலம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"இல்ல பாட்டி, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வருது."