முன் போர்க்கில் எண்ணெய்க் கசிவு: பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

மைசூரில் உருவான யெஸ்டி, சென்னை திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட், 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய வண்டிகளைப் பேணி வைத்திருப்போர் இன்றும் பலர். சிலருக்கு அது தந்தை விட்டுச்சென்ற நினைவு. சிலருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்ல இருக்கும் ஒரே வாகனம். இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு குறை, முன் போர்க்கில் எண்ணெய் கசிவது. இதற்குக் காரணமான ஆயில் சீல் விலை குறைந்த பொருள்தான். ஆயினும் அதைக் கவனியாமல் விட்டால், பாதுகாப்பும் பணமும் ஒருசேரப் பாதிக்கப்படும்.

சீலின் பணி

முன் சக்கரத்தின் இருபுறமும் உள்ள போர்க்கில், குரோமியப் பூச்சுள்ள எஃகுக் குழாய் ஒன்று அடியிலுள்ள உறைக்குள் ஏறி இறங்குகிறது. மெக்கானிக்குகள் மேலுள்ளதைப் போர்க் பைப் என்றும், கீழுள்ளதைப் பாட்டம் கேஸ் என்றும் அழைப்பர். உள்ளே இருக்கும் சுருள்வில் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. எண்ணெயோ சிறு துளைகளின் வழியே மெல்லப் பாய்ந்து, அந்த வில்லின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் வெளியேறாமலும் புழுதி உள்ளே புகாமலும் காப்பது, பாட்டம் கேஸின் வாய்ப்பகுதியில் பொருந்தியிருக்கும் ரப்பர் வளையமான சீல்.

ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த ரப்பர் இறுகி நெகிழ்ச்சியை இழக்கும். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிக்கும் இது நேரும். அப்போது பைப்பின் மீது எண்ணெய் வளையம் ஒன்று தென்படும். அதன்மேல் புழுதி படிந்து கறுத்திருக்கும்.

கசிவின் விளைவு

எண்ணெய் குறையும்போது வில்லை அடக்குவார் இல்லை. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் மீண்டும் மீண்டும் துள்ளும்; பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பகுதி சட்டென்று தாழும். ஒருபுறம் மட்டும் கசிந்தால் இரண்டு போர்க்குகளும் ஒன்றுபோல் இயங்கா. இவற்றினும் கொடியது, கசியும் எண்ணெய் கீழிறங்கிப் பிரேக்கை அடைவது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் எண்ணெய் தட்டின் மீதும் பேடின் மீதும் எளிதில் படியும். அதன்பின் முன் பிரேக்கை நம்ப இயலாது. எண்ணெய் ஊறிய பேடையும் பிரேக் ஷூவையும் துடைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே நன்று.

மாற்றும் முன் ஒரு சோதனை

கசிவு கண்டவுடன் சீல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. சீலின் உதட்டில் சிக்கிய ஒரு மணல் துகளும் கசிவை உண்டாக்கும். மேலிருக்கும் தூசி மூடியை உயர்த்தி, பழைய எக்ஸ்ரே தாளிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டைச் சீலுக்கும் பைப்புக்கும் இடையே செலுத்தி மெல்லச் சுற்றி எடுத்தால் அழுக்கு வெளிவரும். பைப்பைத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். கசிவு தொடர்ந்தால் சீலை மாற்றியாக வேண்டும்.

மாற்றும் முறை

எஞ்சினின் அடியில் உறுதியான தாங்கல் வைத்து முன் சக்கரத்தை உயர்த்த வேண்டும். சக்கரம், பிரேக், மட்கார்டு ஆகியவற்றைக் கழற்றும் முன்பே, போர்க் பைப் பிடிமானத்தில் இருக்கும்போதே, மேல்மூடியைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது எளிது. மூடியின் அடியில் வில் அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே அதை முழுதும் கழற்றும்போது முகத்தை விலக்கி, கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பல வண்டிகளில் பாட்டம் கேஸின் அடியில் ஒரு ஆலன் போல்ட் இருக்கும். வில்லை வெளியே எடுத்தபின் அதைத் திருகினால், உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். வில் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே அதைத் தளர்த்துவது அனுபவசாலிகளின் வழக்கம். பின் எண்ணெயை வடித்து, பைப்பை உருவி, சீலின் மேலுள்ள கம்பி வளையத்தை அகற்றிச் சீலை நெம்பி எடுக்கலாம். நெம்பும்போது பாட்டம் கேஸின் விளிம்பு கீறாதிருக்க, கருவியின் அடியில் மரத்துண்டு வைப்பது நலம். சில பழைய வண்டிகளில் சீல் மரையுள்ள தனி உறையில் அமைந்திருக்கும். எனவே அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துச் செய்க.

பைப்பைப் பாராமல் சீலை மாற்றாதீர்

புதிய சீல் போட்ட சில வாரங்களிலேயே மீண்டும் கசிகிறது என்று வருந்துவோர் உண்டு. பலர் சீலின் தரத்தைக் குறை கூறுவர். பெரும்பாலும் குற்றம் பைப்பில்தான். குரோமியப் பூச்சில் துரு அரித்து உண்டான சிறு குழிகள், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் புதிய சீலின் உதட்டை அறுக்கின்றன. சீல் உரசும் பகுதி முழுவதும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடைப்பட்டால் குறை இருக்கிறது என்று பொருள். மேடான சிறு பிசிறை மிக நுண்ணிய உப்புத்தாளால் நீக்கலாம். குழி விழுந்த பைப்புக்கு மறுபூச்சு இட வேண்டும். அல்லது அதை மாற்ற வேண்டும். பைப்பைக் கண்ணாடிப் பலகையின் மீது உருட்டினால் வளைவும் தெரிந்துவிடும். வளைந்த பைப்புடன் வண்டியை ஓட்டலாகாது.

பைப் நலமாயிருப்பின் புதிய சீலைப் பொருத்தலாம். சிறு சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். சீலுக்கு எண்ணெய் தடவி, அதே அகலமுள்ள குழாய்த் துண்டை மேலே வைத்துச் சாயாமல் தட்டி இறக்குக. கம்பி வளையம் தன் பள்ளத்தில் முழுதும் அமர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அடி போல்ட்டின் செம்பு வாஷரையும் புதிதாக மாற்றுவது நலம். கையேடு கூறும் வகை எண்ணெயை இரு பக்கமும் ஒரே அளவாக அளந்து ஊற்றுக. ஒருபுறம் மட்டும் கசிந்தாலும் இருபுறச் சீல்களையும் மாற்றுவதே முறை. பணி முடிந்ததும் முன் பிரேக்கை நின்ற இடத்திலேயே பலமுறை சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லுங்கள்.

செலவும் காப்பீடும்

ஒரு சோடிச் சீலின் விலையோடு ஒப்பிட்டால் பைப்பின் விலை பல மடங்கு. காலத்தே பைப்பைத் துடைத்து, தூசி மூடி கிழிந்தவுடன் மாற்றினாலே பெருஞ்செலவைத் தவிர்க்கலாம். விரிவான வாகனக் காப்பீடு விபத்துச் சேதத்தை ஈடு செய்யுமேயன்றி, இத்தகைய தேய்மானத்தை ஈடு செய்யாது. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கும்போதும் வண்டி ஆய்வுக்கு உட்படும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் பராமரிப்புக்கெனத் தனியே சேமிப்பது விவேகம். மாதம் 300 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், ஆண்டு முடிவில் 3,600 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.

பழைய வண்டி வாங்க எண்ணுவோரும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சிலமுறை அழுத்திவிட்டு, பைப்பை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால், விலை பேசும் முன் துருக்குழி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.